நிலவியல் படித்தேன், ஃபேக்டரியில் நிற்கிறேன்

வாசகி கேட்கிறார்:

"மேடம், நான் பினாங்கு புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறேன். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் (ஜியாலஜி) பட்டம் முடித்துப் பதினான்கு மாதம் ஆகிறது. நாற்பது விண்ணப்பம் போட்டேன். அதில் முப்பத்தொன்று எண்ணெய் கம்பெனிகளுக்கு. இரண்டு இடத்தில் மட்டும் பதில் வந்தது, இரண்டும் 'மன்னிக்கவும்' என்றுதான். இப்போது பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் கியூசி, அதாவது தரக்கட்டுப்பாட்டு வேலை பார்க்கிறேன். அப்பா லோரி ஓட்டுகிறார். பிடிபிடிஎன் கல்விக் கடன் கட்ட வேண்டும். மாஸ்டர்ஸ் சேரலாமா? பி.ஜியோல். பதிவு என்கிறார்களே, அதனால் என்ன பயன்? மாமா, 'எப்படியாவது இஞ்ஜினியராக மாறிவிடு' என்கிறார். கூடப் படித்தவள் அமெரிக்கப் பரீட்சை எழுதலாம் என்கிறாள். 'பொம்பளப் பிள்ளை காட்டிலும் மேட்டிலும் அலையக்கூடாது' என்று அம்மா அழுகிறார். நான் தப்பான படிப்பைப் படித்துவிட்டேனா?"

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் கடைசி வரியில் மனம் நின்றுவிட்டது. அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் படித்தது நல்ல படிப்பு. பதினான்கு மாதமாகத் தட்டிய கதவுதான் சரியில்லை.

நிலவியல் என்றாலே எண்ணெய்தான் என்று நம் பிள்ளைகள் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கோலாலம்பூரில் எங்கிருந்து பார்த்தாலும் பெட்ரோனாஸ் எண்ணெய் நிறுவனத்தின் அந்த இரட்டைக் கோபுரம் தெரிகிறது. ஆனால் எண்ணெய்த் துறை உலக விலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். 2014-இன் பிற்பாதியில் விலை விழ ஆரம்பித்து, 2016 தொடக்கத்தில் ஒரு பீப்பாய் முப்பது டாலருக்கும் கீழே போனபோது, என்னோடு படித்தவர்களில் நல்ல திறமைசாலிகளே வேலை இழந்து வீட்டில் உட்கார்ந்தார்கள். 2025-இல் பெட்ரோனாஸ் தன் ஊழியர்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அப்படிப்பட்ட நேரத்தில் அனுபவசாலிகளே வேலை தேடி வரிசையில் நிற்பார்கள். புதுப் பட்டதாரியின் விண்ணப்பம் அந்த அடுக்கின் அடியில்தான் கிடக்கும். உங்களுக்கு வந்த 'மன்னிக்கவும்' உங்கள் தகுதியைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. இதை மனதில் ஏற்றிக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்தக் கோபுரத்தின் அடியில் என்ன நடந்தது என்று உங்களுக்கு வகுப்பில் சொன்னார்களா? முதலில் குறித்த இடத்தில் துளை போட்டுப் பார்த்தபோது, ஒரு பக்கம் அரிக்கப்பட்ட சுண்ணாம்புப் பாறை, மறுபக்கம் மென்பாறை. ஒரே கட்டடம் இரண்டு வகை நிலத்தில் கால் வைத்தால் ஒரு பக்கமாக இறங்கிவிடும். அதனால் கோபுரங்களின் இடத்தையே ஏறக்குறைய அறுபது மீட்டர் நகர்த்தினார்கள். அடித்தளத் தூண்களான பைல்கள் சில இடங்களில் நூறு மீட்டருக்கும் அதிகமாக இறங்குகின்றன. அந்த முடிவுக்கு ஆதாரமாக இருந்தவை மண்ணிலும் பாறையிலும் போட்ட துளைகளும், அவற்றை உட்கார்ந்து படித்தவர்களின் குறிப்புகளும்தான். கோபுரத்தின் மேல்மாடியில் வேலை வேண்டும் என்று நீங்கள் முப்பத்தொரு விண்ணப்பம் போட்டீர்கள். அடிவாரத்து வேலைக்கு ஒன்றாவது போட்டீர்களா?

கோலாலம்பூரின் நிலம் நம் தொழிலுக்கு ஒரு பெரிய பள்ளிக்கூடம். தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏறியிருப்பீர்கள். 272 படி ஏறி நாம் நிற்கிற அந்தக் குகையை மழைத்தண்ணீர் கரைத்து உண்டாக்கியது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு கலந்த தண்ணீர் சுண்ணாம்புப் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. இதே பாறைதான் நகரத்துக்கு அடியிலும் மண்ணுக்குள் மறைந்து கிடக்கிறது. அங்கேயும் குகைகள், ஊசி ஊசியான முனைகள், பொந்துகள் உண்டு. மேலே நம் கண்ணுக்குத் தெரிவது தார் ரோடு மட்டும்தான். 2024 ஆகஸ்டில் மஸ்ஜித் இந்தியா சாலையில் நடைபாதை திடீரென்று வாயைத் திறந்து ஒரு பெண்ணை விழுங்கியதே, நாம் எல்லாரும் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிற தெரு அது. அந்த வாரம் முழுக்க என் தொலைபேசி ஓயவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி: "எங்க வீட்டுக்கு அடியில என்ன இருக்கு?" நிலவியல் என்றால் என்ன என்று இருபது வருடமாகக் கேட்காத உறவுகள் அன்றைக்குத்தான் கேட்டார்கள். (நம்மவர்கள் பலருக்கு இன்னும் புவியியலும் நிலவியலும் ஒன்றுதான். "பூகோளம் படிச்சிட்டு என்னம்மா வேலை?" என்று உங்களையும் கேட்டிருப்பார்கள்.)

வெள்ளத்தையும் வாகனத்தையும் சுமக்கிற 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கம், எம்ஆர்டி ரயில் சுரங்கங்கள் எல்லாம் இந்தப் பொந்து விழுந்த சுண்ணாம்புக்குள் புகுந்துதான் போகின்றன. இந்த நிலத்தின் கெடுபிடி தாங்காமல்தான், துளையிடும்போது செலுத்தும் சேற்றுக் குழம்பின் அடர்த்தியை மாற்றிக்கொள்ளக்கூடிய புது வகைத் துளையிடும் இயந்திரத்தையே எம்ஆர்டி முதல் தடத்துக்காக உருவாக்கினார்கள். உலகில் அப்படிப்பட்ட இயந்திரம் முதன்முதலில் வேலை செய்தது நம் ஊரில்தான். இந்த மாதிரி வேலைகளில் இஞ்ஜினியருக்குப் பக்கத்தில் ஒரு நிலவியலாளர் நிற்கிறார். அந்த இடம்தான் உங்களுக்கானது.

அங்கே போய்ச் சேர முதல் படி, சைட்டில் எல்லாரும் 'எஸ்.ஐ.' என்று சொல்கிற நில ஆய்வு வேலை. துளை போடும் ரிக் பக்கத்தில் குடை பிடித்து உட்கார்ந்து, வெளியே வருவதை எல்லாம் எழுத வேண்டும். 63.5 கிலோ சுத்தியல் 760 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, 300 மில்லிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆயிற்று என்று எண்ண வேண்டும். மண் ஈரமா, நிறம் என்ன, விரலில் நசுக்கினால் மாவாகிறதா, துளையிலிருந்து உருளையாக எடுக்கும் பாறைக் கோர் எத்தனை துண்டாக வந்தது, அதில் பத்து சென்டிமீட்டருக்குக் குறையாத துண்டுகள் எவ்வளவு. சம்பளம் ஆரம்பத்தில் உங்கள் கியூசி சம்பளத்தைவிடக் கூடுதலாக இருக்கும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன். குறைவாகவும் இருக்கலாம். ஆனாலும் போங்கள் என்று சொல்வேன். ஏன் என்று என் கதையைக் கொண்டே சொல்கிறேன்.

படித்து முடித்த அடுத்த வருடம் பினாங்குத் தீவில் ஒரு மலைச்சரிவு சைட். பினாங்கு மலை கருங்கல் மலை என்பது உங்களுக்குத் தெரியும். தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறும்போது இரு பக்கமும் பாருங்கள், உருண்டை உருண்டையாகப் பெரும் பாறைகள் மண்ணுக்குள் பாதி புதைந்து கிடக்கும். சுற்றியுள்ள கருங்கல் மக்கி மண்ணாகிவிட, நடுவில் மக்காமல் மிஞ்சியவை அவை. மேலே தெரிவது போலவே உள்ளேயும் கிடக்கும். என் துளையில் பதினோராவது மீட்டரில் கல் தட்டியது. ஒன்றரை மீட்டர் கோர் எடுத்தோம், அருமையான கருங்கல், ஒரு விரிசல் இல்லை. நான் 'அடிப்பாறை' என்று எழுதி, துளையை மூடச் சொல்லிவிட்டேன். வேகமாக முடித்துவிட்டேன் என்ற பெருமை வேறு.

ரிக் ஓட்டிய அண்ணன் சுங்கை சிப்புட்காரர். ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். "கோச்சிக்காதம்மா, இது பாறை இல்ல, கல்லு. இன்னும் மூணு மீட்டர் இறக்கிட்டுப் போவோம்" என்றார். எனக்குக் கோபம். அவர் பதில் சொல்லாமல் ரிக்கை மறுபடி ஓட்டினார். இன்னும் கொஞ்ச ஆழம் போனதும், திரும்பி வரும் தண்ணீர் சாம்பல் நிறத்திலிருந்து செம்மண் நிறமாக மாறியது. கல் முடிந்துவிட்டது. அதற்குக் கீழே சுத்தியல் பதினான்கு முறை அடித்ததிலேயே 300 மில்லிமீட்டர் இறங்கியது, அதாவது வெறும் மண். என் குறிப்பை நம்பி அந்தக் கல்லின் மேல் பைல் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அண்ணன், இதை யாரிடமும் சொல்லவில்லை என்று மட்டும் என்னிடம் சொன்னார். நான் மறுநாள் நானே என் மேலதிகாரியிடம் சொல்லிக் குறிப்பைத் திருத்தினேன்.

இந்தப் பாடத்தை எந்த மாஸ்டர்ஸ் வகுப்பிலும் என்னால் கற்றிருக்க முடியாது. முதல் சில வருடத்தில் நூறு துளை பார்த்தவரின் கண் வேறு, அறிக்கை மட்டும் படித்தவரின் கண் வேறு. ரிக் ஓட்டும் அண்ணன்மாரை மதித்துப் பழகுங்கள். அவர்கள் கையில் உள்ள அறிவு எங்கும் அச்சாகவில்லை.

இனி பதிவுக்கு வருகிறேன். மலேசியாவில் 2008-ஆம் ஆண்டு நிலவியலாளர் சட்டம், அதாவது சட்டம் 689, நம் தொழிலுக்கு ஒரு வேலி போட்டது. அதன்படி நிலவியலாளர் வாரியம் அமைந்தது. அங்கே இரண்டு நிலைகள் உங்களுக்கு முக்கியம். முதலாவது பட்டதாரி நிலவியலாளர். அங்கீகாரம் பெற்ற நிலவியல் பட்டம் இருந்தால் விண்ணப்பித்துப் பெறலாம், உங்களிடம் அது இருக்கிறது. இரண்டாவது தொழில்முறை நிலவியலாளர், நீங்கள் கேட்ட பி.ஜியோல். பட்டதாரியாகப் பதிந்தபின் சட்டம் கேட்கும் அளவு நடைமுறை அனுபவம் சேர்த்து, தொழில்முறை மதிப்பீட்டில் தேறினால் கிடைக்கும்.

பயன் என்ன என்று கேட்டீர்கள். மலைச்சரிவில் வீடமைப்புத் திட்டம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலவியல் அறிக்கை கேட்பார்கள். அந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பெயரும் பதிவு எண்ணும் போட்டுக் கையெழுத்திட்டு, 'இதற்கு நான் பொறுப்பு' என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்தப் பதிவு இல்லாதவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் இன்னொருவரின் கையெழுத்துக்குக் கீழேதான் வாழ்நாள் முழுக்க வேலை செய்ய வேண்டும். சம்பளம் அந்தக் கையெழுத்தோடுதான் உயர்கிறது. அதைவிட முக்கியமானது, உங்கள் குரலுக்கு எடை வருகிறது. "இந்தச் சரிவில் கட்டாதீர்கள்" என்று நீங்கள் சொன்னால் அதை ஒதுக்கித் தள்ளுவது லேசான காரியமாக இருக்காது.

அந்தக் குரல் ஏன் வேண்டும் என்று எனக்குப் பதினாறு வயதிலேயே தெரிந்துவிட்டது. 1993 டிசம்பர் 11. நான் நான்காம் படிவம் முடித்து விடுமுறையில் இருந்தேன். உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி வீடுகளின் முதல் கட்டடம் பல நாள் மழைக்குப் பிறகு அப்படியே சாய்ந்தது. நாற்பத்தெட்டுப் பேர். அப்பா தொலைக்காட்சியின் முன்னால் நின்றபடியே இருந்தார், உட்காரவே இல்லை. "இவ்வளவு பெரிய கட்டடம், கீழே இருக்கிற மண்ணை யாரும் பார்க்கலையா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை இந்தப் படிப்புக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு 2003-இல் புக்கிட் லாஞ்சான் பாறைச்சரிவு நெடுஞ்சாலையையே மாதக்கணக்கில் மூடியது. அடுத்த ஆண்டு பொதுப்பணித் துறையில் சரிவுகளுக்கென்றே தனிப் பிரிவு வந்தது. உங்கள் பினாங்கிலேயே 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து பதினொரு பேர் போனார்கள். கூலி வேலைக்கு வந்த ஏழைகள். 2022 டிசம்பரில் பத்தாங் காலியில் முகாமிட்டிருந்தவர்களில் முப்பத்தொரு பேர், குழந்தைகளும் சேர்த்து. இந்த நாட்டில் மழை நிற்கப்போவதில்லை, மலையில் வீடு கட்டுவதும் நிற்கப்போவதில்லை. இப்படிப்பட்ட நாட்டில் நிலவியல் படித்த பிள்ளை ஃபேக்டரியில் நிற்பது எனக்கு மனம் கேட்கவில்லை.

ஆகவே வேலை கிடைத்த பிறகு பதிந்துகொள்ளலாம் என்று இருக்காதீர்கள். பட்டதாரி நிலவியலாளர் பதிவை இந்த மாதமே தொடங்குங்கள். வேலைக்கு எடுக்கும் ஆலோசனை நிறுவனங்கள் பதிந்தவரா என்றுதான் முதலில் பார்க்கின்றன. வேலையில் சேரும்போது, அங்கே ஒரு பி.ஜியோல். இருக்கிறாரா, அவருக்குக் கீழேதான் வேலை செய்வீர்களா என்று நேர்முகத்திலேயே கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். உங்கள் அனுபவத்தைச் சரிபார்த்து ஒப்புதல் சொல்ல யாரும் இல்லாத இடத்தில் ஐந்து வருடம் வேலை செய்துவிட்டு, விண்ணப்பிக்கும்போது கைபிசைந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். எந்தத் தேதியில் எந்தச் சைட்டில் எத்தனை மீட்டர் துளை பார்த்தீர்கள், எந்த வரைபடம் போட்டீர்கள், யார் மேற்பார்வை என்று முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மலேசிய நிலவியல் கழகத்திலும் உறுப்பினராகச் சேருங்கள். அங்கே உங்களுக்கு வேலை தரப்போகிறவர்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். 1967 முதல் இயங்கும் நிலவியல் சங்கத்தின் கூட்டங்களுக்கும் போங்கள். நம் பிள்ளைகள் படிப்பில் குறைவில்லை, இப்படிப் போய்ப் பழகுவதில்தான் பின்தங்குகிறோம்.

மாமா சொல்லும் 'இஞ்ஜினியராக மாறு' யோசனை அன்போடு சொன்னது, ஆனால் நடக்காது. இஞ்ஜினியர்கள் வாரியத்தில் பதிய அங்கீகாரம் பெற்ற பொறியியல் இளங்கலைப் பட்டம் வேண்டும். நிலவியல் பட்டத்தின் மேல் நிலத்தொழில்நுட்ப (ஜியோடெக்னிக்கல்) மாஸ்டர்ஸ் ஒன்றை ஒட்டவைத்தாலும் நீங்கள் பெயருக்கு முன் 'ஐ.ஆர்.' போடும் தொழில்முறை இஞ்ஜினியர் ஆகிவிட முடியாது. பலர் இது தெரியாமல் பணமும் இரண்டு வருடமும் செலவழித்துவிட்டு அழுகிறார்கள். மாமாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: நிலம் என்னது என்று சொல்வது நிலவியலாளர் வேலை, அதில் எப்படிக் கட்டுவது என்று சொல்வது இஞ்ஜினியர் வேலை.

மாஸ்டர்ஸ் பற்றி. இப்போது வேண்டாம். வேலை கிடைக்காத வெட்கத்தை மறைக்க மாஸ்டர்ஸ் சேர்ந்தால், இரண்டு வருடம் கழித்து அதே வரிசையில், கொஞ்சம் கூடுதல் கடனோடு நிற்பீர்கள். இரண்டு மூன்று வருடம் தரையில் வேலை செய்யுங்கள். எந்தக் கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறதோ அதில் போய் மாஸ்டர்ஸ் செய்யுங்கள். சரிவா, நிலத்தடி நீரா, பாறை இயந்திரவியலா என்று அப்போது உங்களுக்கே தெரியும். ஒரு விதிவிலக்கு உண்டு: புவி இயற்பியல். மின்தடை, நில அதிர்வு முறைகளில் மண்ணைத் தோண்டாமலே உள்ளே பார்க்கும் கலை அது. அதில் நாட்டம் இருந்தால் உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே யூ.எஸ்.எம். பல்கலைக்கழகம் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியுமா என்று விசாரியுங்கள். பொந்து தேடும் வேலைக்கு அந்தக் கைத்தொழில் தெரிந்தவர்கள் தேவை.

அமெரிக்கப் பரீட்சை என்று தோழி சொல்வது ஆஸ்பாக் தேர்வு. அடிப்படை, நடைமுறை என்று இரண்டு தாள். அங்குள்ள மாநிலங்கள் உரிமம் கொடுப்பதற்காக வைத்திருப்பது. அங்கே குடியேறி வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் ஒழிய, அதற்குச் செலவழிக்காதீர்கள். லண்டன் நிலவியல் சங்கத்தின் சார்ட்டர்ட் ஜியாலஜிஸ்ட் பட்டம் மரியாதையானது, அதற்கும் சில வருட அனுபவம் முதலில் வேண்டும். ஆஸ்திரேலியச் சுரங்கங்களை நினைப்பவர்கள் ஜோர்க் என்ற விதித்தொகுப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். தாதுவின் அளவை வெளியுலகுக்கு அறிவிக்கும் அறிக்கையில் 'தகுதியுள்ளவர்' என்று கையெழுத்துப் போட, அந்த வகைத் தாதுவில் குறைந்தது ஐந்து வருட அனுபவமும் அங்கீகரிக்கப்பட்ட தொழில்முறை அமைப்பின் உறுப்பியமும் வேண்டும். எந்த நாட்டைப் பார்த்தாலும் கணக்கு ஒன்றுதான்: பட்டம், அதற்கு மேல் நல்ல மேற்பார்வையில் சில வருட அனுபவம், அதற்கு மேல் சோதனை. அனுபவத்தை இங்கே சேர்த்தால் அது எங்கும் செல்லும். 'மூன்று நாளில் சர்வதேசச் சான்றிதழ்' என்று இணையத்தில் வருகிற விளம்பரங்களுக்கு ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

செலவழிக்க வேண்டிய சின்னச் செலவு ஒன்று உண்டு. கட்டுமானத் தளத்துக்குள் நுழைய, கட்டுமானத் தொழில் வாரியமான சிஐடிபி தரும் கிரீன் கார்ட் என்ற அனுமதி அட்டை வேண்டும். ஒரு நாள் வகுப்புதான். விண்ணப்பத்தில் 'கிரீன் கார்ட் இருக்கிறது, கார் லைசன்ஸ் இருக்கிறது' என்று எழுதியிருந்தால், திங்கட்கிழமையே சைட்டுக்கு அனுப்ப ஆள் தேடும் நிறுவனத்துக்கு அது பெரிய விஷயம்.

அரசாங்க வேலையையும் விடாதீர்கள். கனிமம், புவி அறிவியல் துறை, நாம் ஜேஎம்ஜி என்று சொல்வது, நீண்ட வேர் கொண்டது. 1903-இல் ஸ்க்ரிவனர் என்ற நிலவியலாளரோடு இங்கே அரசாங்க நிலவியல் ஆய்வு தொடங்கியது. 1999-இல் ஆய்வுத் துறையும் சுரங்கத் துறையும் இணைந்து இப்போதைய துறையானது. இடங்கள் குறைவு, காத்திருப்பு நீளம். அரசாங்க வேலைக்கு ஆள் எடுக்கும் எஸ்பிஏவில் உங்கள் பதிவைப் புதுப்பித்து வைத்துவிட்டு, அதை நம்பி உட்காராமல் வேலைக்குப் போங்கள். அழைப்பு வரும்போது உங்கள் கையில் அனுபவமும் இருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்லுடைப்பு ஆலைகள், ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்பு, பளிங்கு, சிமெண்டு தொழில்கள் நிலவியலாளரை எடுக்கின்றன. தூசியும் வெடிச்சத்தமும் நிறைந்த வேலை, ஆனால் பொறுப்பு சீக்கிரம் கைக்கு வரும். பகாங்கில் தங்கம், பேராக்கின் கிளியான் இந்தானில் இன்றும் ஓடும் வெள்ளீயச் சுரங்கம், பேராக்கிலேயே அரிய மண் (ரேர் எர்த்) தாதுக்களைத் தேடும் புது வேலைகள் இருக்கின்றன. கிளந்தானில் குடிதண்ணீருக்கு நிலத்தடி நீரைப் பெரிதும் நம்பியிருப்பதால் அந்தத் துறைக்கும் ஆள் வேண்டும். எண்ணெய் ஆசை மனதில் இருந்தால் அதை அணைக்கச் சொல்லவில்லை. கடலடியில் கரியமில வாயுவைச் சேமிக்க 2025-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அந்த வேலைக்கும் பாறையின் நுண்துளைகளைப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் தேவை. இன்னும் ஐந்து வருடத்தில் அந்தக் கதவு திறந்தால், அன்றைக்கு நீங்கள் வெறுங்கையோடு போகமாட்டீர்கள்.

இனி அம்மா. இதை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இது எனக்கு நெருக்கமான விஷயம். என் அம்மாவும் அழுதார். "வெயில்ல கறுத்துப் போயிடுவ, யாரு கட்டிப்பா" என்றார். பயம் அது மட்டும் இல்லை, வாய்விட்டுச் சொல்ல முடியாத பயங்களும் உண்டு. அவற்றை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். ஆண்கள் மட்டும் இருக்கும் சைட்டில் ஒரு பெண் தனியாக நிற்பதில் உண்மையான சிரமங்கள் இருக்கின்றன. முதல் சிரமம் கழிப்பறை. நான் என் இருபதுகளில் தண்ணீர் குடிக்காமல் இருந்தே பல நாளை ஓட்டினேன், சிறுநீர்த்தொற்று வந்து மருத்துவமனையில் கிடந்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். சைட்டுக்குப் போகும் முன்பே கழிப்பறை எங்கே என்று கேளுங்கள். இல்லை என்றால் அருகில் பெட்ரோல் நிலையம் எங்கே, போய்வர வண்டி யார் என்று கேட்டு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. காட்டுச் சரிவுக்கு ஒருபோதும் தனியாகப் போகாதீர்கள், ஆணும் அப்படிப் போகக்கூடாது. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று அலுவலகத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அட்டைப்பூச்சிக்கு நீளக் காலுறை, மழைக்கு மாற்றுத் துணி, காலுக்கு நல்ல பூட்ஸ். பூட்ஸில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள்.

ஒருமுறை அம்மாவைச் சைட்டுக்கு அழைத்துப் போனேன். தீபாவளிக்கு முந்தின வாரம், செராஸ் பக்கம் ஒரு சரிவு. ரிக் ஓட்டிய அண்ணன் அம்மாவுக்கு நாற்காலி போட்டு, "உங்க பொண்ணு எழுதினா நாங்க நம்பி வேல செய்வோம்மா" என்றார். பினாங்கில் என்னைத் திருத்திய அதே அண்ணன். அம்மா அன்றைக்கு எதுவும் பேசவில்லை. அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரரிடம், "என் மக மலை விழாம பாத்துக்கிற வேல செய்றா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் அம்மாவுக்கும் வார்த்தையைவிடப் பார்த்தால்தான் பயம் போகும்.

ஃபேக்டரி வேலையை நாளைக்கே விடாதீர்கள். அப்பா லோரியில் உட்கார்ந்து சம்பாதித்த பணத்தில் படித்தவர் நீங்கள், கையில் வருமானம் இருக்கட்டும். சனி, ஞாயிறுகளை எனக்குக் கொடுங்கள். முதல் சனிக்கிழமை கிரீன் கார்ட் வகுப்பு. இரண்டாவது வாரம் வாரியத்துக்கு விண்ணப்பம். பழைய நாற்பது விண்ணப்பத்தைத் தூக்கி வைத்துவிட்டு, பினாங்கிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் உள்ள நில ஆய்வு நிறுவனங்கள், நிலத்தொழில்நுட்ப ஆலோசகர்கள், சுரங்கப் பாதைக் குத்தகையாளர்கள் என்று புதிதாக இருபது பேரைக் குறித்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். உங்கள் கள வரைபடப் பயிற்சியில் போட்ட வரைபடத்தில் ஒரு பக்கத்தை இணையுங்கள். மதிப்பெண் பட்டியலைவிட அதைத்தான் நாங்கள் பார்ப்போம்.

மூன்றாவது ஞாயிறு காலை தண்ணீர்மலைக்குப் போங்கள். சாமி கும்பிட்டுவிட்டு, படிக்குப் பக்கத்தில் மண் வெட்டித் தெரிகிற ஓர் இடத்தில் நில்லுங்கள். மண்ணின் நிறம், பாறை எந்த அளவுக்கு மக்கியிருக்கிறது, உருண்டைக் கற்களின் அளவு, விரிசல்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன, தண்ணீர் எங்கே கசிகிறது, எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, ஓர் ஓவியமும் போடுங்கள். கைப்பட எழுதுங்கள், தட்டச்சு வேண்டாம். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இந்தப் பகுதியின் முகவரிக்கே அனுப்புங்கள். சிவப்பு மையில் திருத்தி நான் திருப்பி அனுப்புகிறேன்.